படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு திகதிகள்

அந்த இணையத்தளத்தில் மொத்தம் மூன்று பக்கங்கள்தான் இருந்தன. முதற்பக்கத்தில் ஒரு படம். அதற்கு மேலே 'இவரைக் கண்டீர்களா?' என்ற வரி. கீழே ஓர் அட்டவணை: பெயர், பிறந்த திகதி, உயரம், இடது புருவத்தில் தழும்பு, கடைசியாகக் கண்ட திகதி. இரண்டாம் பக்கத்தில் அதே விபரங்கள் ஆங்கிலத்தில். மூன்றாம் பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். அதை எடுத்துப் பார்த்தால், இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது.

படத்தில் இருந்தவர் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். கடற்றொழில் செய்தவர். ஆட்கள் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவரும் ஒரு படகில் ஏறினார். அந்தப் படகில் அவருடைய ஊர் ஆட்கள் ஒருவரும் இல்லை. ஏற்றிவிட்ட ஏஜென்ட், அவர் அங்கே ஒரு முகாமில் இருக்கிறார், போன் எடுக்க விடுகிறார்களில்லை என்று சில மாதம் சொன்னான். பிறகு ஏஜென்ட்டையும் காணவில்லை. நோர்வேயில் இருக்கும் மச்சான் ஒருவர், முகாம்களில் உள்ள யாராவது பார்க்கட்டும் என்று அந்த மூன்று பக்கங்களையும் செய்து இணையத்தில் போட்டுவிட்டார். போட்டபடியே அவை வருடக்கணக்காகக் கிடந்தன.

அந்தப் பக்கங்கள் என் கைக்கு எப்படி வந்தன என்று சொல்லவேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொட்பே துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன். வவுனியாவில் பேக்கரி ஒன்றில் மா குழைத்தேன். கட்டாரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. அங்கே வேலை முடிந்தபின் சும்மா இருந்த கொம்பியூட்டரில் ஒரு மலையாளி எனக்கு இணையப் பக்கம் செய்யக் காட்டித்தந்தார். முழுதாகக் கற்கவில்லை, தேவையான அளவுக்குக் கற்றேன். திரும்பி வந்து திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நின்றேன். போட்டோக் கொப்பி, போன் ரீலோட், பாஸ்போட் படம் எல்லாம் அங்கே உண்டு. நான் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு இணையத்தளம் செய்துகொடுத்தேன். கடை முதலாளி கிண்ணியாக்காரர். வாடிக்கையாளர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவர்தான் நம்மட எஞ்சினியர், எட்டாம் வகுப்பு வரைக்கும் பெரிய படிப்பு" என்பார். எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

படத்தில் இருந்தவருடைய மனைவி ஒரு நாள் அந்தக் கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. வெள்ளைக்காரர் வராத மாதங்களில் சல்லியில் கருவாடு காயப்போடுவார். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் கேட்டது சின்ன வேலை: மூன்றாம் பக்கத்தில் உள்ள போன் இலக்கத்தை மாற்றவேண்டும். நோர்வே மச்சானிடம் வட்ஸ்அப்பில் கடவுச்சொல்லைக் கேட்டு எடுத்து மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் திரும்ப வந்தார். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்துவிட்டது, பழைய இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை, அவர் வந்தால் அங்கே போய் நிற்பார், புது வீடு கோயிலுக்குப் பின்பக்கம் என்று போடவேண்டும் என்றார். போட்டேன். பிறகு மகள் சாதாரண தரப் பரீட்சை பாஸ் என்று போடவேண்டியிருந்தது. பிறகு மாமியார் காலமானது. ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பழைய கோப்பைத் திறந்து, வரிகளுக்கு நடுவே புது வரியைச் செருகி, திரும்ப ஏற்றவேண்டும். அவருக்கு அரைநாள் சம்பளம் போகும். கூலி வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்தும் போயிருந்தது. ஒரே வேலையைப் பலமுறை செய்ய என்னால் ஏலாது. அதனால்தான் எந்த ஊரிலும் நான் நிற்பதில்லை.

அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய மூன்று பக்கங்களையும் தொடாமல், பக்கத்திலேயே ஒரு புளொக் சேர்த்துவிடலாம். அவரே தன் போனில் எழுதலாம். எழுதியவுடன் வந்துவிடும்.

"அவர் பார்த்தா, எது முந்தி எது பிந்தி எண்டு விளங்குமோ?" என்று கேட்டார்.

"விளங்கும் அக்கா. ஒவ்வொண்டிலயும் திகதி விழும். ஆகப் புதுசு மேல நிக்கும்."

"பழசு அழிஞ்சிடாதோ?"

"அழியாது. கீழ போகும்."

பிறகு என்னிடம் வேறொன்று கேட்டார். முதலாளி முன்பே சொல்லியிருக்கவேண்டும், நான் கட்டாரில் இருந்தபோது மூன்று வருடம் வீட்டுக்குப் போன் எடுக்கவில்லை என்று. அது ஏன் என்று கேட்டார்.

வெட்கம்தான் காரணம் என்றேன். போன இடத்தில் சொன்ன வேலை கிடைக்கவில்லை. முதல் மாதம் காசு அனுப்ப முடியவில்லை, அதனால் எடுக்கவில்லை. இரண்டாம் மாதம், முதல் மாதம் எடுக்காத வெட்கம். அப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

"அப்ப ஆம்பிளையள் அப்பிடியும் இருப்பினம்," என்றார்.

"ஓம் அக்கா, இருப்பம்."

அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக்கூடாது. பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புளொக் சேர்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பழைய பக்கங்கள் கிடக்கும் இடத்திலேயே தனியாக ஒரு கோப்புறை திறந்து அதற்குள் வைத்தேன். பழைய முதற்பக்கத்தின் உச்சியில் 'புதிய செய்திகள்' என்று ஓர் இணைப்புக் கொடுத்தேன். கருத்து எழுதவும் வழி வைத்தேன். ஆனால் யார் எழுதினாலும் நாங்கள் பார்த்து அனுமதித்த பின்தான் வெளியே தெரியும் என்று அமைத்தேன். விடுதிகளின் தளங்களில் கண்ட கண்ட விளம்பரங்கள் வந்து குவிந்த அனுபவம் எனக்கு இருந்தது. வருகிற கருத்து முதலில் என் போனுக்கு வரும்.

புளொக்கின் தலைப்பில் அவருடைய படம் வேண்டும் என்றார் அக்கா. படத்தைப் போட்டேன். இலவசமாக எடுத்த அந்த வடிவமைப்பு படத்தைத் தானாகவே வட்டமாக வெட்டிக்கொண்டது. பழைய பக்கத்தில் இருந்த பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட திகதி இரண்டும் இங்கேயும் வேண்டும் என்று நினைத்தேன். ஆளை அடையாளம் காண அவைதான் முக்கியம். ஆனால் போன் திரையின் அகலத்துக்குள் 'கடைசியாகக் கண்ட திகதி' என்ற நீளச் சொற்கள் அடங்கவில்லை. உடைந்து உடைந்து கீழே விழுந்தன. நான் சொற்களை எடுத்துவிட்டேன். படத்துக்கு இடப்பக்கம் ஒரு திகதி, வலப்பக்கம் ஒரு திகதி. பார்க்க வடிவாக இருந்தது. கீழே பெயரும் ஊரும்.

தமிழ்ப் பத்திரிகை பார்க்கிற எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும், அது என்ன என்று சொல்லியிருக்கும். நான் பார்க்கவில்லை. அளவு சரியா, எழுத்து உடைகிறதா என்று பார்த்தேன். அக்காவும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார். "படம் தெளிவா இருக்கு தம்பி," என்றார்.

அக்கா எழுதத் தொடங்கினார். அவருடைய எழுத்து எனக்குப் பிடித்திருந்தது. சுற்றிவளைக்க மாட்டார். 'கிணறு கட்டியாச்சு. தண்ணீர் உப்பில்லை.' 'உங்கட வலையை விற்கவில்லை. எலி கடித்ததால் பாதியை எரித்தோம்.' 'மகள் சைக்கிளில் விழுந்து முழங்கால் உரசிவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை.' கிழமைக்கு இரண்டு மூன்று. எல்லாம் அவருக்குச் சொல்வது போலவே இருக்கும். கடையில் நின்று அவற்றைப் படிக்கும்போது, கட்டாரில் எனக்கு இப்படி ஒருவரும் எழுதாதது நல்லது என்று நினைத்துக்கொள்வேன். படித்தால் அழுதிருப்பேன்.

மூன்றாம் கிழமை கருத்துகள் வரத் தொடங்கின. முதலாவது கனடாவிலிருந்து வந்தது: 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.' ஏதோ தவறி வந்தது என்று அழித்துவிட்டேன். பின்னேரம் இரண்டு வந்தன. 'ஆழ்ந்த இரங்கல்.' 'ஓம் சாந்தி.' அடுத்த நாள் ஏழெட்டு. அப்போதுதான் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதன்முதல் பார்ப்பவன் போலப் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு முகம். இடப்பக்கம் பிறந்த திகதி. வலப்பக்கம் இன்னொரு திகதி. உயிரோடு வைத்திருக்கவேண்டிய ஆளுக்கு நான் மரண அறிவித்தல் அடித்து வைத்திருந்தேன்.

முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், இதை எந்த மடையன் செஞ்ச?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

திகதிகளை உடனே எடுத்தேன். 'இவர் காலமாகவில்லை, தேடப்படுகிறார்' என்று தலைப்பில் எழுதினேன். இரங்கல்களை எல்லாம் அழித்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரோ அந்தப் பழைய தலைப்பை அப்படியே படம் பிடித்து, கருத்துப் பெட்டிக்கு மட்டும் நேரே போகும் இணைப்போடு முகநூலில் போட்டிருந்தார்கள். அது வெளிநாடுகளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்த கருத்து நீளமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது வந்தது. பார்சலை மூடி வைத்துவிட்டு வாசித்தேன்.

'வணக்கம். நான் மூதூர். இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன். உங்கள் கணவரோடு அதே படகில் வந்தவன். மரண அறிவித்தலை இன்றுதான் முகநூலில் கண்டேன். உங்களுக்கு விசயம் கிடைத்துவிட்டது என்று அறிந்து மனம் கொஞ்சம் ஆறுதல். அவர் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார், இடது புருவத்தில் தழும்பு இருந்தது. கடைசி மூன்று நாளும் காய்ச்சல். நாங்கள் அவரைத் துணியில் சுற்றித்தான் கடலில் இறக்கினோம். சும்மா போடவில்லை. அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இத்தனை வருடமும் நினைத்தேன். மட்டக்களப்புத் தம்பி ஒருவர் தான் வீட்டுக்கு அறிவிப்பதாகச் சொன்னார். அவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டேன். குறை நினைக்கவேண்டாம்.' கீழே ஒரு போன் இலக்கம்.

புருவத் தழும்பையும் எழுதியிருந்தார். முகநூலில் சுற்றிய படத்தில் அது தெரியாது. அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. அட்டவணையை அவர் பார்த்திருந்தால், தேடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், இப்படி எழுதியிருக்க மாட்டார். ஆகவே அவர் ஆளைக் கண்டவர்தான்.

திரையில் அந்தக் கருத்துக்குக் கீழே இரண்டு சொற்கள்: அனுமதி, அழி. நான் இரண்டையும் தொடவில்லை.

நான்கு நாள் அப்படியே வைத்திருந்தேன். அந்த நாட்களிலும் அக்கா எழுதினார். முதல் நாள், கோயில் கொடியேறப்போகிறது என்று. இரண்டாம் நாள், மகளுக்கு உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்று தெரியவில்லை, நீங்கள் இருந்தால் கேட்கலாம் என்று. மூன்றாம் நாள் என்னைப் பற்றி எழுதியிருந்தார்: 'இதைச் செய்து தந்த தம்பியும் மூன்று வருடம் வீட்டுக்குக் கதைக்காமல் இருந்தவராம். பிறகு வந்துவிட்டார். நீங்களும் ஒன்றுக்கும் வெட்கப்படவேண்டாம். வந்தால் காணும், வேறொன்றும் வேண்டாம்.'

அதை வாசித்த பின் எனக்கு அந்த ஊரில் இருக்க ஏலாமல் போனது. நான்காம் நாள் காலையில் உடுப்புப் பையைக் கட்டினேன். முதலாளியிடம் ஒரு கிழமையில் வருவதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் தேத்தண்ணி வாங்கித்தந்தார். குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து புல்மோட்டை, பிறகு முல்லைத்தீவு. அங்கே ஒருவருக்கு இறால் பண்ணையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

சல்லிக்குத் திரும்பும் சந்தியில் பஸ் நின்றது. மீன்பெட்டியோடு ஒருவர் இறங்கினார். பெட்டி கதவில் சிக்கி, கொண்டக்டரும் அவரும் ஏசுப்பட்டுக்கொண்டார்கள். அந்த இழுபறியில் பஸ் கொஞ்சநேரம் கூட நின்றது. நானும் இறங்கிவிட்டேன். பெரிய முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. பஸ் உடனே எடுத்திருந்தால் நான் முல்லைத்தீவுக்குத்தான் போயிருப்பேன்.

அக்கா வேலைக்குப் போகாத நாள். முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்துவிட்டு, "எங்க பயணம்?" என்றார். கதிரை கொண்டுவந்து போட்டார். நான் போனைத் திறந்து, அந்தக் கருத்தை எடுத்து, அவர் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்துத் திரும்ப மேலே போனார். இரண்டாம் முறை வாசிக்கும்போது உதடு அசைந்தது. பிறகு அப்படியே நிலத்தில் இருந்தார்.

"இது எப்ப வந்தது?"

"நாலு நாள்."

"நாலு நாளும் நான் எழுதினதை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"ஓம் அக்கா."

அவர் என்னை ஏசவில்லை. காகம் ஒன்று கருவாட்டில் வந்து இருந்தது. எழும்பிப் போய் அதைக் கலைத்துவிட்டு வந்தார். பிறகு, ஏன் இந்த ஆள் மரண அறிவித்தல் என்று எழுதியிருக்கிறார் என்று கேட்டார். திகதிகளைப் பற்றி அப்போது சொன்னேன். நான் செய்த பிழை என்றேன். இரங்கல்கள் வந்ததையும் அழித்ததையும் சொன்னேன்.

"அதைப் பார்த்துத்தான் அவர் எழுதினவரோ?"

"ஓம்."

"சரியா எழுதியிருந்தா எழுதியிருக்க மாட்டார்."

அது கேள்வியோ என்னவோ எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மூதூர்க்காரர் வேலையில் இருந்தார். பின்னால் இயந்திரச் சத்தம். யார் என்று சொன்னதும் சத்தம் இல்லாத இடத்துக்குப் போனார். இவர்களுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னேன். பிறகு, "தங்கச்சி, எனக்குத் தெரியாம போச்சு, அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாம போச்சு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காதான் அவரைத் தேற்றினார்.

பிறகு அக்கா நாளைக் கேட்டார். என்ன திகதி?

அவருக்குத் திகதி நினைவில்லை. படகில் ஒருவருக்கும் திகதி தெரியாது, போன்களை எல்லாம் முதல் நாளே வாங்கிவிட்டார்கள் என்றார். ஆனால் அது நோன்பு மாதம். "பதினேழாம் நோன்பு தங்கச்சி. விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னுக்கு. நான் நாளை எண்ணி வச்சிருந்தன். பிரயாணத்தில நோன்பு கடமை இல்ல. ஆனா திங்க ஒண்டும் இல்லாதப்ப சும்மா பட்டினி கிடக்கிறதவிட நிய்யத்து வச்சிப் பிடிப்பம் எண்டு பிடிச்சன்."

அக்கா அதை இரண்டு முறை சொல்லி மனதில் வைத்துக்கொண்டார். பிறகு, "தண்ணி குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ஒரு மூடி. மூடியால அளந்துதான் தண்ணி. பகல்ல நான் குடிக்கிற இல்லதானே. என்ட பகல் மூடியை அவருக்குத்தான் வச்ச. கடைசி நாளும் குடிச்சாரு. கொஞ்சம் வெளிய வந்திச்சி. குடிச்சாரு."

அக்கா சரி என்றார். அதற்குப் பிறகு அவரால் கதைக்க ஏலவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். உள்ளே மகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு கேட்ட சத்தத்தை எழுத நான் விரும்பவில்லை. மூதூர்க்காரர் இணைப்பைத் துண்டிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் துண்டிக்கவில்லை.

சல்லிக் கோயில் ஐயருக்குப் பதினேழாம் நோன்பு என்பதே போதுமானதாக இருந்தது. நோன்பும் பிறை பார்த்து எண்ணுவது, திதியும் பிறை பார்த்து எண்ணுவது. அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஆடி மாதம், பூரணை கழிந்து மூன்றாம் நாள், தேய்பிறைத் திருதியை என்றார். திதி இல்லாமல் திவசம் செய்ய ஏலாது. ஒரு முஸ்லிம் ஆள் பட்டினி கிடந்து எண்ணிய நாளில் அது கிடைத்தது. கடற்கரையில் கிரியைகளை இறந்தவருக்குத் தம்பி முறையான ஒருவர் செய்தார். நான் தூரத்தில் நின்றேன். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

நான் திரும்பவும் கடையில் நின்றேன். எட்டு நாள் கழித்து அக்கா அங்கே வந்தார். புளொக்கை எடுத்துவிடவா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். மூதூர்க்காரருடைய கருத்தை அனுமதிக்கச் சொன்னார். எல்லாரும் பார்ப்பார்களே என்றேன்.

"பார்க்கத்தான் வேணும். மட்டக்களப்புப் பிள்ளை சொல்லியிருக்கும் எண்டு மூதூர்க்காரர் இருந்தார். மூதூர்க்காரர் சொல்லியிருப்பார் எண்டு மற்றவை இருந்திருப்பினம். என்ர மனிசனோட இன்னும் ரெண்டு பேரையும் அந்தப் படகில இருந்து இறக்கினதாம். அதுகளின்ர வீட்டிலயும் ஒரு ஆள் இருக்கும்தானே, என்னைப்போல."

அனுமதித்தேன். அவர் அங்கேயே கதிரையில் இருந்து தன் போனில் எழுதினார். 'என் கணவர் கடலில் காலமாகிவிட்டார். தேடியவர்களுக்கு நன்றி. அந்தப் படகில் போனவர்களின் வீட்டார் யாராவது இருந்தால் இங்கே எழுதவும்.' அதை வெளியிட்ட பின், பழைய முதற்பக்கத்தில் 'இவரைக் கண்டீர்களா?' என்ற வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். அந்தக் கோப்பை எத்தனையோ முறை திறந்து அலுத்தவன் நான். அன்று அந்த ஒரு வரியை எடுக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு கிளிவெட்டியிலிருந்து ஒரு கருத்து. ஒரு தாய், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருந்தார். 'என் மகனும் அந்தக் காலத்தில்தான் போனவன். அந்தப் படகோ என்று தெரியாது. வலது கையில் சூலம் பச்சை குத்தியிருக்கும். உங்களுக்கு எழுதிய அந்த ஐயாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? அவன் அங்கே எங்கேயோ இருப்பதாகச் சாத்திரி சொன்னவர்.'

இந்த முறை நான் ஒரு நாளும் வைத்திருக்கவில்லை. உடனே அக்காவுக்குக் காட்டினேன். அவர் மூதூர்க்காரருக்கு எடுத்தார். சூலம் என்று சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பக்கத்தில் மூச்சு மாறியது. "ஓம் தங்கச்சி. அந்தப் புள்ளயத்தான் முதல்ல இறக்கின."

பதில் எழுதவா என்று கேட்டேன். அக்கா இல்லை என்றார். இது எழுதுகிற விசயமில்லை என்றார். அந்தக் கருத்தை அனுமதிக்கவும் வேண்டாம், அந்த அம்மா இன்றைக்கு நித்திரை கொள்ளட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் வரவேணும் தம்பி. நீங்கள் ஓடுற ஆள். பையைத் தூக்கினா, நான் பஸ்ஸுக்கை ஏறி வந்து இழுத்துக்கொண்டு போவன்," என்றார். அந்தச் சாவுச் செய்திக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புப் பஸ்ஸில் போனோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அக்கா தண்ணீரைப் பார்க்காமல் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நான் போனைக் கையில் கொடுத்துவிட்டு நின்றவன். மூதூர் தாண்டியதும், துணியில் சுற்றித்தான் இறக்கினது என்பதை முதலில் சொல்லவேண்டும் என்றார். கொஞ்ச தூரம் போனபின், இல்லை, அதை முதலில் சொல்ல ஏலாது என்றார்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. வேளாண்மை வெட்டி முடிந்த காலம். வயலோரம் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கைகாட்டிவிட்டார்கள். அந்தத் தாய் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆர் நீங்கள் என்று கேட்டார்.

"சல்லியில இருந்து வாறம் அம்மா," என்றார் அக்கா.

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார். எங்கள் கைகளில் கடிதமோ வேறெதுவோ இல்லை. நல்ல செய்தியென்றால் போனிலேயே எழுதியிருப்போம், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கமாட்டோம் என்பது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். உள்ளே போனார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதிரைகளைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். கடைசிக் கதிரையைப் போட்டதும் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"இருங்கோ," என்றார். "இருந்து சொல்லுங்கோ."